மூலை அக்கா

ஒரு வீட்டின் வரைபடம் திரையில் திறந்ததும் நாங்கள் எல்லோரும் முதலில் வாசலைத் தேடுவோம். அவர் மூலையைத் தேடுவார். இரண்டு சுவர்கள் சந்திக்கும் ஓர் இடத்தைப் பிடித்து, அது திரை முழுவதும் நிரம்பும் வரை பெரிதாக்கி, மூக்கு இடித்துவிடும்போல் குனிந்து பார்ப்பார். அது முடிந்தால் அடுத்த மூலை. அந்த வீட்டுக்கு மாடி உண்டா, சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நானா குடியிருக்கப் போறேன்?" என்பார். அதனால்தான் அவருக்கு 'மூலை அக்கா' என்று பெயர் வந்தது. முகத்துக்கு நேரே வெறும் அக்கா.

பாளையங்கோட்டை சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கட்டடத்தையே அதிர வைத்துக்கொண்டு போகும். மேலே நாங்கள், பனி பெய்யும் நாடுகளில் யாரோ கட்டப்போகும் வீடுகளைக் கணினியில் கட்டிக்கொண்டிருப்போம். அந்த ஊர்ச் சுவர் நம் ஊர்ச் சுவரைப் போல வெறும் செங்கல்லும் பூச்சும் இல்லை. வெளியே செங்கல். அதற்குப் பின்னால் கொஞ்சம் காற்றிடம். பிறகு குளிரைத் தடுக்கும் பஞ்சு, மரச்சட்டம். கடைசியில் அறைக்குள் தெரியும் ஜிப்சம் பலகை. இத்தனை அடுக்கும் சேர்ந்தால்தான் ஒரு சுவர்.

இரண்டு சுவர்கள் மூலையில் சந்திக்கும்போது செங்கல் செங்கலோடும், பஞ்சு பஞ்சோடும், பலகை பலகையோடும் போய்ச் சேர வேண்டும். மென்பொருள் பெரும்பாலும் தானாகவே சேர்த்துவிடும். சில மூலைகளில் அதற்குக் குழப்பம் வரும். ஒன்றின் பலகை மற்றதன் பஞ்சுக்குள் போய் நிற்கும். செங்கல் பாதியில் அறுந்து நிற்கும். இதற்கு ஒரு குறுக்கு வழி எங்கள் எல்லோருக்கும் தெரியும். கெட்ட மூலையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து மறைத்துவிட்டு, சேர்ந்ததுபோல மேலே கோடு போட்டுவிடுவோம். தாளில் அச்சடித்தால் ஒன்றும் தெரியாது. அடியில் சுவர்கள் சேராமலே கிடக்கும்.

அந்த வெள்ளைத் துண்டுகளைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"வெள்ளையடிச்சா சுவரு சேந்துருமாலே?" என்று கேட்பார்.

கீழவைப்பாரிலிருந்து வரும் எங்கள் சக ஊழியன் ஒருவன் வாயாடி. "அக்கா, தாள்ல தெரியாதுல்லா? யாரு பாக்கப் போறா?" என்பான்.

"கொத்தன் பாப்பான். அவன் விட்டா மழை பாக்கும். தள்ளு அங்கன."

வெள்ளையை நீக்கிவிட்டு இரண்டு சுவர்களையும் விலக்குவார். ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுத்து வைப்பார். எந்த அடுக்குக்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம் என்று திறந்து பார்த்துத் திருத்துவார். பிறகு ஒரு சுவரை நிற்க வைத்து மற்றதை மெதுவாக அதனிடம் கொண்டுவருவார். எந்தச் சுவர் முதலில் வருகிறது என்பதில்கூட மென்பொருளுக்குப் பிடிவாதம் உண்டு. மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் ஒவ்வோர் அடுக்கும் தன் ஜோடியைக் கண்டுபிடித்து மூடிக்கொள்ளும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவர் விடும் சத்தம்.

எனக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளையூரணி பக்கத்து உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தை அப்பா தன் போனில் வைத்துக்கொண்டு உப்பளம் முழுக்கக் காட்டினார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு, இன்றும் உண்டு. அக்கா நாசரேத் பக்கம். தாத்தா தலைமை ஆசிரியர், அப்பா ஆசிரியர், அம்மா ஆசிரியை. எங்கள் வீட்டில் உப்பு இருந்ததுபோல அவர்கள் வீட்டில் புத்தகம் இருந்திருக்கும்.

அவருக்கு இடப்பக்க நாற்காலி என்னுடையது. சேர்ந்த அன்று பக்கத்திலிருந்து சிரித்தேன். அவர் திரும்பவே இல்லை. மறுநாளும் அப்படியே. நான் செய்த முதல் வீடு வெளிநாட்டுக்காரர்களிடம் தேறிய அன்று, எல்லோருக்கும் மக்ரூன் இனிப்பு வாங்கிப் போனேன். அவருக்கும் நீட்டினேன். என் கை அந்தரத்தில் நின்றது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீழவைப்பார்க்காரன் பார்த்துவிட்டான். "ஏளா, வாத்தியார் வீட்டுப் பிள்ளை உப்பளத்துக் கை பட்டத வாங்குமா? இங்கன கொண்டா, நாங்க திங்கோம்" என்றான்.

வேடிக்கைக்குத்தான் சொன்னான். எனக்குள் ஆணிபோல் இறங்கியது. அன்றிலிருந்து அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நான் வரைந்த ஒரு வீட்டில் வைத்திருந்த வெள்ளைத் துண்டுகளை என்னிடம் கேட்காமலே அவர் நீக்கிய அன்று சண்டையும் போட்டேன்.

"என் மூலைய நீங்க ஏன் தொடுதிய?"

"உன் மூலையா? ஏளா, அதுக்குக் கீழ நிக்கப்போறது எவனோ ஒருத்தன். அவனுதுன்னு நினைச்சேன்."

"நான் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"தெரியுதே. படிக்காதவ செஞ்சிருந்தா மறைக்கத் தெரியாது" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

அவரிடம் வேறு சில வழக்கங்களும் இருந்தன. ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடம் உட்கார மாட்டார். வேலை பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவார். மேகம் கறுத்திருக்கும் நாட்களில் விடுப்பு எடுப்பார். மேசை மேல் தம்ளரை யாராவது வைத்தால் கோபம் வரும். ஏனென்றால் அதை அவர் தட்டிவிடுவார். நடைபாதையில் நாற்காலியை இழுத்துப் போட்டவனை வைவார். திமிர், திமிர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒரு கார்த்திகை மாதம், அவசர வேலை என்று முதலாளி சார் எல்லோரையும் கொஞ்சம் நிறுத்திவைத்தார். நான் கீழே இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். கடைகளில் அப்போதுதான் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி முடியும் இடத்தில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட குழி. அதன் மேல் ஒரு பலகை கிடந்தது. எல்லோரும் அதில்தான் போய்வந்தோம்.

நான் பேசாமல் கடந்துபோகப் பார்த்தேன்.

"யாரு அது? யாருளா?" என்றார். என்னை நேராகப் பார்த்தபடிதான் கேட்டார்.

"நான்தான்க்கா."

"கையக் குடு. ஒண்ணும் கேக்காத, நான் தங்குற ஹாஸ்டல் வரைக்கும் கொண்டு விட்டுரு."

பலகையைக் கடந்து, மாதா கோயில் தெருவில் திரும்பினோம். பிறகு அவரே சொன்னார்.

"ஒரு பேப்பரச் சுருட்டிக் கண்ணுல வச்சுப் பாரு. அதான் நான் பாக்கது. ஓரத்துல இருந்து கருகிட்டே வருது. இருட்டுனா அதுவும் இல்ல. மருந்து கிடையாதுன்னுட்டாவ. அப்பாவும் அம்மையும் மாமன் மக்க, அத்தை மக்க. ரத்தத்துல வந்ததாம்."

பக்கத்திலிருந்து சிரித்தவளை, பக்கத்திலிருந்து மக்ரூன் நீட்டியவளை அவர் ஏன் பார்க்கவில்லை என்று எனக்கு அந்தத் தெருவில் வைத்துத்தான் புரிந்தது. மூலைகளை ஏன் அவர் அப்படிப் பார்த்தார் என்பதும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவருடைய பார்வை எங்கள் எல்லோரையும்விடக் கூர்மையாக இருந்தது. ஒரு மூலை சரியாக அதற்குள் அடங்கியது.

"சார்ட்ட சொல்லலாம்லாக்கா? சொன்னா உதவிதான் செய்வாரு."

"சாரு நல்லவரு. அவரு வீட்டம்மா எங்க ஊரு. சாயங்காலம் இங்க சொன்னா ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கோம். அவளுக்குக் கண்ணச் சோதிச்சாச்சு, ஒரு குறையும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஊரு நம்புமா? அக்காக்காரிக்குக் கண்ணு அவிஞ்சிட்டு வருது, அடுத்தது இவளுக்குத்தான்னு சொல்லுவாவ. அவ கல்யாணம் முடியுற வர மூச்சு விடக் கூடாது. முடிஞ்ச பிறவு நீ ஊருக்கே சொல்லிக்கோ. என் பேர மட்டும் சொல்லாத."

அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டதால் எழுதுகிறேன். பெயரை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவருக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் மேசையை விரலால் தட்டுவேன். தம்ளர்களை எடுத்து வைப்பேன். மழை இருட்டும் நாட்களில் எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருப்பதுபோல் கூடவே நடப்பேன். கீழவைப்பார்க்காரன் விடவில்லை. "என்னளா, மூலையும் மூலையும் சேந்துட்டா?" என்றான். சேர்ந்துவிட்டோம் என்றேன்.

தங்கைக்கு நாகர்கோவில் பக்கம் ஓர் இடம் கூடி வந்தது. பையன் பள்ளி ஆசிரியர். அவரிடம் தங்கையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "உங்க அக்காவ நான் பாத்துக்கிடுதேன், எங்கம்மாவுக்கு மட்டும் இப்போ தெரிய வேண்டாம்" என்றாராம். அதைச் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டார். இன்னும் சில மாதங்களைக் கடத்தினால் போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த வீடு வந்தது. பெரிய வீடு. இத்தனை நாள் மூலைகளைத் திருத்தியவரிடம் ஒரு முழு வீட்டையும் கொடுக்கலாம் என்று சார் ஆசையாகக் கொடுத்தார். மறுத்தால் ஏன் என்று கேள்வி வரும். அக்கா வாங்கிக்கொண்டார். நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். "இத நானே செய்யுதேன். ஒரு தடவயாவது" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் குரலில் இருந்தது எனக்குத் தெரிந்த பெருமை.

வீடு முடிந்ததும் வெளிநாட்டு அம்மா ஒருவர் கணினி வழியே பார்க்க வந்தார். சார் வீட்டைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா ஒவ்வொரு மூலையாக அருகில் போய்ப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்த சுவர்களை நான் பார்த்ததில்லை என்றார். அக்காவின் காது சிவந்தது. பிறகு அந்த அம்மா முழு வீட்டையும் மேலிருந்து பார்த்தார். வீட்டின் நடுவில் இருந்த நான்கு சுவர்களைக் காட்டி, "இதற்கு மேல் கூரை உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கூரை இல்லை. அது நடுமுற்றம். வானம் பார்த்த இடம். அங்கே மழையைப் பார்த்து நிற்க வேண்டியது செங்கல். அக்கா அதை ஓர் அறை என்று எண்ணி, செங்கல்லை வீட்டின் உட்பக்கம் திருப்பி, ஜிப்சம் பலகையை முற்றத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தார். தண்ணீர் பட்டால் ஊறிப்போகும் பலகை. நான்கு மூலைகளும் குற்றம் சொல்ல முடியாதபடி சேர்ந்திருந்தன. ஒவ்வொரு மூலையாகப் பார்த்தால் அது ஓர் அறைதான். தள்ளி நின்று முழு வீட்டையும் பார்த்தவருக்குத்தான் நடுவில் இருக்கும் ஓட்டை தெரியும்.

அந்த அம்மா நாகரிகமாக, திருத்தி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திரை அணைந்ததும் சார் திரும்பினார்.

"என்னம்மா இது? நேத்து வந்தவ செஞ்சாக் கூட முத்தத்துக்கும் ரூமுக்கும் வித்தியாசம் தெரியுமே. எப்படிம்மா?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அவர் கை என் முழங்காலைத் தேடியது. முதலில் நாற்காலிக் காலைத் தொட்டது, பிறகு என்னைக் கண்டுபிடித்து அழுத்தியது.

"கவனிக்கல சார்" என்றார் அக்கா.

"கவனிக்கலையா? நீங்களா?"

"ஆமா சார். அசட்டையா இருந்துட்டேன்."

குனிந்து குனிந்து கழுத்து வலி வந்த பெண் அப்படிச் சொன்னார். அறையில் இருந்த ஒருவருக்கும் நம்ப முடியவில்லை. ஆனாலும் நம்பிவிட்டார்கள். வேறு காரணம் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

மதியம் மொட்டைமாடிக்குப் போனோம். நல்ல வெயில். தூரத்தில் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"பெரிசாக்கிப் பாக்கத் தெரிஞ்ச உங்களுக்குச் சிறுசாக்கிப் பாக்கத் தெரியாதாக்கா? வீட்டச் சின்னதா ஆக்குனா முழுசும் உங்க கண்ணுக்குள்ள வந்துருக்குமே. ஒரு தடவ பாத்திருந்தா முத்தம்னு தெரிஞ்சிருக்கும்லா?"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தெரியாம இல்லளா. முந்தி அப்படித்தான் பாப்பேன். திரையில பாதி அளவுக்கு ஆக்குனா முழு வீடும் தெரியும். பிறவு உள்ளங்கை அளவுக்கு ஆக்க வேண்டி வந்துச்சு. போன வருசம் தீப்பெட்டி அளவு. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சிறுசாக்குனாத்தான் உள்ள அடங்குது. வீட்டப் பாக்கப் போயி என் கண்ண அளந்துட்டு வாரேன். பயம் வந்துட்டு. அதான் விட்டுட்டேன். மூலைக்குள்ளயே கிடந்தா ஒண்ணும் குறைஞ்ச மாதிரியே இருக்காது."

முழு வீட்டையும் என்னைச் செய்ய விட்டிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஒரு முழு வீட்டைத் தன் பெயரில் ஒரு தடவையாவது கட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த மாதத்தோடு அவர் வேலையை விட்டார். சார் திட்டியதில் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் அலுவலகத்தில் பேச்சு. புதிதாக வருகிறவர்களுக்குக் கீழவைப்பார்க்காரன் முதல் நாளே கதை சொல்வான். "எங்க ஆபீசுல ஒரு அக்கா இருந்தா. நாலு மூலையும் நக்கி வச்ச மாதிரி இருக்கும். நடுவுல மழ பெய்யுமான்னு மட்டும் பாக்க மாட்டா." அவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்ப்பார்கள். நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு பெண் என்னிடமே கேட்டாள். "நெசமாவே அவ்வளவு அசட்டையான ஆளா அக்கா?" ஆமாம் என்றேன். தங்கையின் கல்யாணத்துக்கு அப்போது இன்னும் நாள் இருந்தது.

கல்யாணம் நாசரேத்தில். காலையில் கோயிலில் முடிந்து, மதியம் மண்டபத்தில் வரவேற்பு. பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று தங்கைதான் பிடிவாதமாக நேரம் குறித்தாளாம். அக்கா முன்வரிசையில், நடு நாற்காலியில், கத்தரிப்பூ நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி என்று சொல்லி எழுந்திருக்கவே இல்லை. உறவுக்காரர்கள் குனிந்து பேசிவிட்டுப் போனார்கள். என்னைப் பக்கத்தில் இருத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போன தடவை பார்த்ததைவிடப் பிடி இறுகியிருந்தது.

"தங்கச்சி முகம் தெரியுதுளா. சிரிக்கா. பக்கத்துல அவரு சேந்து நிக்காரா?"

அவர் சேர்ந்து நிற்கவில்லை. வெட்கமோ வேர்வையோ, ஓர் ஆள் நுழையும் அளவு தள்ளி நின்று யாரோ ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா. சேந்துதான் நிக்காவ."

அவர் என் பேச்சை ஏற்கவில்லை. பார்வையைத் தங்கையின் முகத்திலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து தோளுக்கு, தோளுக்கு அப்பால் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்.

"எங்கன சேந்து நிக்காவ? நடுவுல பின்னால கட்டுன துணிதான் தெரியுது. பொய்யா சொல்லுத?" என்றவர், நான் தடுப்பதற்குள் மேடையைப் பார்த்துச் சத்தமாக, "மாப்பிள்ளை, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க! நடுவுல கன்டெய்னர் லாரி போவும் போலுக்கு!" என்றார்.

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே நகர்ந்து வந்தார். இரண்டு தோள்களும் தொட்டுக்கொண்டன. அக்கா அந்த இடத்தைப் பார்வையால் தேடிப் பிடித்து, அங்கேயே கண்ணை நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் குரல் என்று தெரிந்து தங்கை எங்களைப் பார்த்தாள். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசைத்தாள்.

"அக்கா, தங்கச்சி கை காட்டுதா."

"எங்க? எங்களா?"

பார்வை மேலே போனது. மாலையில் தடுக்கியது. மாப்பிள்ளையின் காதுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தது. முகத்தை அவர் கண்டுபிடித்தபோது தங்கை கையை இறக்கிவிட்டு, மேடையேறிய யாரிடமோ திரும்பியிருந்தாள். அக்கா தன் கையை உயர்த்தி, தங்கையின் திரும்பிய கன்னத்தைப் பார்த்து அசைத்துக்கொண்டே இருந்தார்.